என்ன கறை, எங்கே கறை

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாண்டரிக்காரர் ஒரு கோட்டை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மோந்து பார்ப்பதும் அவர் தொழில்தான். கடைக்கு வரும் எந்தத் துணியும் முதலில் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை மேசைக்குப் போகும். பைகளைத் துழாவ வேண்டும். விளக்கடியில் விரித்துக் கறை தேட வேண்டும். சந்தேகம் வந்தால் மூக்கை வைக்க வேண்டும். பிறகு ஒரு மஞ்சள் சீட்டில் இரண்டே விஷயங்களை எழுதி ஊக்கு குத்த வேண்டும். என்ன கறை, எங்கே கறை. ஒன்றை எழுதி மற்றதை விட்டால், உள்ளே மருந்து போடுகிறவர் தவறான இடத்தில் ஊற்றி நல்ல துணியில் ஓட்டை போட்டுவிடுவார். உள்ளே மருந்து போடுகிறவரும் அவரேதான். ஆனாலும் இருபத்திரண்டு வருடங்களாகச் சீட்டு எழுதாமல் ஒரு கைக்குட்டைகூட உள்ளே போனதில்லை. அவர் தன்னையே நம்பாதவர். அடுத்தவர்களை நம்புவது அதற்கப்புறம்தான்.

அன்றைய கோட்டு கருநீலம். பள்ளிப் பேருந்து ஓட்டும் டிரைவருடையது. டிரைவர் லாண்டரிக்காரர் போகும் அதே கிறிஸ்தவ சபைக்காரர், ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர், மனைவியை இழந்து மூன்று வருடமானவர். தலையில் ஒரு முடி கிடையாது. சபையில் விளக்கைப் போட்டால் முதலில் வெளிச்சம் விழுவது அவர் மேல்தான்.

“இங்க வந்து இதைக் கொஞ்சம் மோந்து பாரேன்” என்றார் லாண்டரிக்காரர்.

மனைவி இஸ்திரி மேசையை விட்டு அசையவில்லை. “ஏன், உங்க மூக்கு போதாதா?”

“சாராய வாடை.”

“யாரோடது?”

“கோட்டு யாரோடதோ அவரோடது. இதுல என்ன கேள்வி? நாப்பது புள்ளைங்களை ஏத்திட்டுப் போறவரு! பைபிளைக் கையில வெச்சுக்கிட்டு, பைக்குள்ள பாட்டிலை வெச்சிருக்காரு.”

“பைக்குள்ள பாட்டில் இருந்துச்சா?”

“இல்ல. கைக்குட்டைதான் இருந்துச்சு. ஆனா அவ்வளவு சுத்தமா இருந்ததே ஒரு மாதிரியா இருக்கு.”

மனைவி சட்டைக் காலரை அழுத்தினாள். புஸ்ஸென்று ஆவி வந்தது. அது இஸ்திரிப் பெட்டியிலிருந்துதான் வந்தது என்று லாண்டரிக்காரர் எடுத்துக்கொண்டார். சீட்டில் எழுதினார்: ‘மது. இடது தோள், வெளிப்பக்கம்.’ எழுதியது அப்பழுக்கில்லாத உண்மை.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடைக்கு மேலே அவர் வீட்டு ஹாலில் ஜெபக் குழு கூடும். ஏழெட்டுப் பேர் வருவார்கள். புறணியைத் தடுப்பதற்காகப் போதகர் ஒரு விதி வைத்திருந்தார். யாருக்காக ஜெபிக்கச் சொன்னாலும் பெயரைச் சொல்லக் கூடாது. ‘ஒரு சகோதரர்’ அல்லது ‘ஒரு சகோதரி’, அவ்வளவுதான். நல்ல விதி. அது வந்த பிறகு குழுவில் வருகை கூடியது.

ஹால் சுவரில், தன் வாய்க்குக் காவல் வைக்கும்படி ஆண்டவரிடம் கேட்கும் சங்கீத வசனம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. லாண்டரிக்காரரின் நாற்காலி அதற்கு நேர் கீழே. எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

“ஒரு சகோதரருக்காக ரொம்பப் பாரமா இருக்கு” என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

“ஸ்தோத்திரம். என்ன பாரம் பிரதர்?” என்றார் பேக்கரி அக்கா. பேக்கரி அக்காவின் கணவர்தான் அந்தப் பள்ளியில் பேருந்துகளுக்குப் பொறுப்பாளர்.

“குடி.”

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அதை வெளியே விடுவதற்குள் ரிடையர்டு டீச்சர் கேட்டுவிட்டார். “நம்ம சபையா?”

“பேரு சொல்லக் கூடாது டீச்சர்.”

“பேரை யாரு கேட்டா? குறிப்பா ஜெபிக்கணும்ல. பொத்தாம் பொதுவா ஜெபிச்சா ஆண்டவருக்கே குழப்பமா இருக்காதா?”

“நம்ம சபைதான்.”

“கல்யாணம் ஆனவரா?”

“ஆகி... இப்போ தனியா இருக்கறவரு.”

“ஐயோ பாவம். உக்காந்து பாக்குற வேலையா, நின்னு பாக்குற வேலையா?”

“உக்காந்து.”

“உக்காந்துக்கிட்டே ஊரைச் சுத்துற வேலையோ?” என்றார் பேக்கரி அக்கா.

லாண்டரிக்காரர் ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார். அந்தப் பெருமூச்சுக்கு வழுக்கைத் தலை இருந்தது.

இருபது நிமிடம் உருக்கமாக ஜெபித்தார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தபோது அந்தச் சகோதரருக்குப் பெயரைத் தவிர எல்லாம் இருந்தது.

லாண்டரிக்காரர் கெட்டவர் இல்லை. ஒரு செய்தி உள்ளே போனால் அவருக்கு அது செரிக்காது, அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய தம்பிக்கு வேலை போனபோதும் இதே நாற்காலியில் உட்கார்ந்து ‘ஒரு சகோதரருக்காக’ என்று கண்ணீரோடு சொன்னார். அவருக்கு இருப்பது ஒரே தம்பி என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். தம்பி அதற்குப் பிறகு சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று லாண்டரிக்காரருக்குப் புரியவில்லை. அதற்காகவும் ஒருமுறை ஜெபிக்கச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை கோட்டு மறுபடி வந்தது. அதே வாடை, அதே இடம். இந்த முறை கூடவே ஒரு கறுப்புத் தீற்றல். ஈரப் பஞ்சால் ஒற்றினார். பஞ்சு ஊதாவாக மாறியது.

“தலைச்சாயம்!” என்றார், தங்கம் கிடைத்தவர் போல. மலிவான சாயம்தான் இப்படி ஊதா காட்டும். இதே ஊதாவை வேறெங்கோ அடிக்கடி பார்த்த ஞாபகம் வந்தது. ஆனால் அந்த நினைவைத் தேட நேரமில்லை. அதைவிட ருசியான யோசனை ஒன்று வந்துகொண்டிருந்தது.

டிரைவர் தலையில் சாயம் பூச எதுவும் இல்லை. அப்படியானால் இது வேறொரு தலை. தோளில் சாய்ந்த தலை. இந்த மூன்று படிகளையும் லாண்டரிக்காரரின் புத்தி சரியாகத்தான் ஏறியது. நான்காவது படியில் அதுவாகவே ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியது.

அந்தப் புதன்கிழமை ‘அதே சகோதரருக்கு’ பாரம் இரண்டு மடங்கானது.

“சகோதரியும் நம்ம சபையா?” என்று கேட்டார் டீச்சர். தெரியாது என்று லாண்டரிக்காரர் சொன்னார். அதனால் சபையில் தலைக்குச் சாயம் பூசும் பதினான்கு பெண்களும் சந்தேகத்துக்கு உள்ளானார்கள். டீச்சரும் பூசுவார். தன்னை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரைவரோடு கைகுலுக்கியவர்கள் கையை விடாமல் நின்று மூச்சை ஆழமாக இழுத்தார்கள். அவர் புதினா மிட்டாய் மென்றால் வாடையை மறைக்கிறார், மெல்லாவிட்டால் துணிந்துவிட்டார். சிரித்தால் போதை. சிரிக்காவிட்டால் நேற்றைய போதை. பாட்டுப் புத்தகத்தை அவர் தவறவிட்டபோது மூன்று வரிசைகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டன. அவருடைய ஞாயிறு வகுப்பில் பதினொரு பிள்ளைகள் இருந்த இடத்தில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த நான்கும் அவருடைய பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்.

திங்கட்கிழமை பேக்கரி அக்காவின் கணவர் டிரைவரைக் கூப்பிட்டு மூச்சுக் கருவியில் ஊதச் சொன்னார். கருவி பூஜ்யம் காட்டியது.

“இன்னிக்குக் குடிக்கல போல” என்றார் அவர், கருவியைத் தட்டிப் பார்த்தபடி. சாவியை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை. அதுவரை ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்க்கட்டும். குடித்து வண்டி ஓட்டியதாக முடிவானால் டிரைவருக்கு அந்தப் பள்ளி மட்டுமல்ல, எந்தப் பள்ளியும் சாவி தராது.

வெள்ளி கழிந்து சனிக்கிழமை டிரைவர் கடைக்கு வந்தார். கையில் துணி எதுவும் இல்லை.

“போன வாரக் கோட்டை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணாச்சி. இந்த வாரம் துவைக்கப் போட எதுவும் இல்ல. கோட்டுப் போடற வேலையே கிடைக்கல.”

“கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு” என்றார் லாண்டரிக்காரர், அவர் கண்கள் சிவந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே. “ஏன் தம்பி, எதுவும் இல்லைன்னா அங்கேயே சத்தம் போட்டிருக்கலாமே?”

“போட்டா நம்பியிருப்பாங்களா?”

“அது... சத்தம் போடுறதைப் பொறுத்து.”

டிரைவர் கோட்டை வாங்கிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். கதவு வரை போய்த் திரும்பினார். “எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணாச்சி. பதில் சொல்லியிருப்பேனான்னு தெரியல. ஆனா கேட்டிருக்கலாம்.”

அவர் போனதும் லாண்டரிக்காரர் உள்ளே பார்த்துச் சொன்னார். “பாத்தியா? கொஞ்சமாவது கோபப்படுறாரா? தப்புப் பண்ணாதவன் இவ்வளவு அமைதியா இருப்பானா?”

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முடிந்த வேலைகளின் மஞ்சள் சீட்டுகளைக் குத்தி வைக்கும் கம்பியிலிருந்து இரண்டைப் பிடுங்கினாள். பக்கத்தில் இருந்த துணிக் கூடையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள். மூன்றையும் வெள்ளை மேசையில் வைத்தாள்.

“இது யாரு கையெழுத்து?”

“என்னோடது.”

“படிங்க.”

“மது. இடது தோள், வெளிப்பக்கம்.”

“குடிக்கிறவருக்கு வாய் தோள்லயா இருக்கு?”

லாண்டரிக்காரர் வாயைத் திறந்தார். அது முகத்தில் இருந்தது.

“சிந்தினா நெஞ்சுல சிந்தும், மடியில சிந்தும். தோள்ல, அதுவும் வெளிப்பக்கமா எப்படிச் சிந்தும்? சாயம் வேற ஒரு தலையோடதுன்னு கண்டுபிடிச்சீங்கள்ல, அப்போ அந்தத் தலையில இருக்கற வாயோட வாடையா இருக்கும்னு ஏன் தோணல?” வெள்ளைச் சட்டையின் காலரை விரித்து ஈரப் பஞ்சை வைத்தாள். பஞ்சு ஊதாவானது. “வாரா வாரம் நீங்கதான் இந்தக் காலரைத் தேய்க்கிறீங்க. இது யாரு சட்டை?”

அது தம்பியின் சட்டை.

அரை மணி நேரத்தில் லாண்டரிக்காரர் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார். தம்பி மனைவி கதவைப் பாதி திறந்து, அவரைப் பார்த்ததும் அந்தப் பாதியிலும் பாதியை மூடினாள்.

“அவரு தூங்குறாரு அத்தான்.”

“உள்ள வரலாமா?”

கொஞ்சம் யோசித்துத்தான் விட்டாள். வழக்கமாக ‘பெரியப்பா’ என்று ஓடிவரும் பெண் குழந்தை நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எழுந்து வரவில்லை.

“அவனை டிரைவர்தான் தூக்கிட்டு வராரா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் முகம் வெளிறியது. “யாரு சொன்னா? அவரு சொன்னாரா?”

“அவரு ஒரு வார்த்தை சொல்லல. கோட்டு சொல்லுச்சு.”

அவள் குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவருகிலேயே நின்று பேசினாள். “வெள்ளிக்கிழமை ஆனா இப்போ பாக்குற வேலையிலிருந்து நேரா சாராயக் கடைக்குப் போயிடுறாரு. அப்புறம் ஸ்கூல் பஸ்ல வர்ற புள்ளையைக் கூப்பிட வரேன்னு கடைசி ஸ்டாப் பெஞ்சுல வந்து விழுந்து கிடப்பாரு. ஒருநாள் டிரைவர் அண்ணன் பாத்துட்டாரு. அன்னிலேருந்து வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு ஸ்டாப் முன்னாடியே இவளை எங்கிட்ட இறக்கிவிடுவாரு. வண்டியை ஷெட்ல விட்டுட்டு வந்து, இவரைத் தோள்ல சாச்சுக் கொல்லைப்பக்கமாக் கொண்டுவந்து படுக்க வைப்பாரு. புள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னுதான் அவருகிட்ட வாக்கு வாங்கினேன்.”

லாண்டரிக்காரர் ஆரம்பித்தார். “கூடப் பொறந்த அண்ணன்கிட்ட...”

“வேலை போனப்ப உங்ககிட்ட மட்டும்தானே அத்தான் சொன்னாரு? அந்த ஞாயித்துக்கிழமை பன்னெண்டு பேரு வந்து முதுகுல தட்டி தைரியமா இருங்கன்னாங்க. பன்னெண்டு பேரு. வீட்டுக்கு வந்து எண்ணிச் சொன்னாரு. அன்னிக்குச் சாயங்காலம் குடிக்க வெளிய போனவருதான், இன்னும் நிறுத்தல.” அவள் குரல் உடைந்தது. “நேத்து புது டிரைவர். அவருக்கு எதுவும் தெரியாது. கடைசி ஸ்டாப்ல இறக்கிட்டாரு. இவ பாத்துட்டா. கூட இறங்கின புள்ளைங்களும் பாத்துட்டு, இது உங்கப்பாதானேன்னு கேட்டுருக்குங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் லாண்டரிக்காரர் ஒரு பேச்சைத் தயாரித்தார். அழகான பேச்சு. கடையில் நுழைந்ததும் மனைவியிடம் சொன்னார். “புதன்கிழமை எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். குடிச்சது என் தம்பிதான்னு. டிரைவருக்கு நியாயம் கிடைக்கணும்.”

“டிரைவரைக் காப்பாத்த தம்பியைப் பந்தியில பரிமாறப் போறீங்களா?”

“வேற எப்படி நம்புவாங்க?”

“நம்பாம போகட்டும். நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்கறதுக்கு இன்னொருத்தர் கதை எதுக்கு? உங்க கதையே போதும்.”

புதன்கிழமை அவர் தன் நாற்காலியைத் தூக்கி எதிர்ச் சுவர் ஓரம் போட்டார். அங்கிருந்து வசனம் நேராகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை அன்றுதான் கவனித்தார்.

“இன்னிக்குப் பேரைச் சொல்லப் போறேன்” என்றார். ஏழு பேரும் முன்னால் குனிந்தார்கள். “என் பேரை. நம்ம பஸ் டிரைவர் குடிக்கல. அவருக்கு எந்தப் பெண்ணோடவும் தொடர்பு இல்ல. நான் ஒரு கறையைப் பாத்துட்டு, மீதியை நானே சேர்த்துக்கிட்டேன். அதுக்கு ஜெபக் குறிப்புன்னு பேரு வெச்சேன். மன்னிச்சிடுங்க.”

ஏழு பேரும் மெல்லப் பின்னால் சாய்ந்தார்கள். பிறகு டீச்சர் கேட்டார். “யாராவது மிரட்டினாங்களா பிரதர்?”

“இல்ல டீச்சர்.”

“அப்போ திடீர்னு ஏன்?” பேக்கரி அக்கா கண்ணைச் சுருக்கினார். “கோட்டுல வாடை இருந்துச்சுல்ல? அவரு இல்லைன்னா அது யாரோடது?”

லாண்டரிக்காரருக்கு அந்தப் பதில் தெரியும். நாக்கின் நுனிவரை வந்து நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த இடம் வரை வந்த எதுவும் திரும்பிப் போனதில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தார். எச்சிலை விழுங்கினார். தொண்டையில் ஏதோ பெரிய மாத்திரை இறங்குவது போல இருந்தது.

“அது எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்” என்றார்.

அவர் சொன்னதிலேயே குழுவுக்குப் பெரிய அதிர்ச்சி அதுதான்.

வியாழக்கிழமை விசாரணையிலும் போய் நின்றார். இரண்டு மஞ்சள் சீட்டுகளையும் மேசைமேல் வைத்தார். கறை உடுத்தியவருடையது அல்ல, மேலே சாய்ந்தவருடையது. முதலிலேயே எழுதி வைத்திருந்தும் பாதியை மட்டும் பேசியது தன் குற்றம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாய்ந்தது யார் என்று பேக்கரி அக்காவின் கணவர் மூன்று முறை கேட்டார். டிரைவர் தரையைப் பார்த்தார். லாண்டரிக்காரர் கூரையைப் பார்த்தார். கடைசியில் சாவி மேசையில் இந்தப் பக்கமாக நகர்ந்தது. ஆனால் ஒரு மாதத்துக்குத் தினமும் காலையில் கருவியில் ஊத வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு இரண்டு பிள்ளைகள் திரும்பினார்கள். மீதி ஐந்து பேரின் பெற்றோர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெருமூச்சில் போனது ஒரு கையெழுத்தில் முழுதாகத் திரும்பவில்லை.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்ததும் டிரைவர் கேட்டார். “ஏன் அண்ணாச்சி, தம்பி பேரைச் சொல்லியிருந்தா உங்களுக்கு எளிதா இருந்திருக்குமே?”

“உங்களுக்கும்தான் எளிதா இருந்திருக்கும். நீங்க சொன்னீங்களா?” என்றார் லாண்டரிக்காரர். “நாளைக்கு நாலரைக்கு நான் பெஞ்சுக்கு வந்துடுறேன். நீங்க புள்ளையை மட்டும் பாத்துக்கங்க.”

வெள்ளிக்கிழமை தம்பியைத் தோளில் சாய்த்துக் கொல்லைப்பக்கமாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். தம்பி அரைக் கண்ணைத் திறந்து, “நீயா? நாளைக்கு யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டான். “யாருக்கும் தெரியாது, தூங்குடா” என்றார். தம்பி நம்பவில்லை. நம்ப வைக்க இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை ஆகுமோ என்று எண்ணியபடி வீட்டுக்கு நடந்தவரை, முச்சந்தியில் பேக்கரி அக்கா மறித்து நலம் விசாரித்தார். விசாரிக்கும்போதே அவருடைய மூக்கு இரண்டு முறை விரிந்தது.

அடுத்த புதன்கிழமை லாண்டரிக்காரர் டீ தட்டோடு சமையலறையிலிருந்து வரும்போது ஹாலில் பேக்கரி அக்கா கண்ணை மூடியிருந்தார்.

“ஒரு சகோதரருக்காகப் பாரமா இருக்கு. குடி. துணி சம்பந்தப்பட்ட தொழில்.”

“ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்றார்கள் எல்லோரும், யாரும் தட்டின் பக்கம் திரும்பாமல்.

மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். “கோபம் வரலையா?”

“வருது. வந்து என்ன? டிரைவருக்கு எப்படி இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது.”

அவர் ஹாலுக்குள் போய்த் தட்டை நடுவில் வைத்தார். டீச்சர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “வாங்க பிரதர்... நாங்க சும்மா, பொதுவா...”

“பொதுவா ஜெபிக்காதீங்க டீச்சர், ஆண்டவருக்குக் குழப்பமாயிடும். அந்தச் சகோதரரை எனக்கு நல்லாத் தெரியும், விவரம் சொல்றேன்” என்றார் லாண்டரிக்காரர். “அவருக்கு வியாதி குடி இல்ல, வாய். ஒருத்தரைப் பத்தி ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி, அவர்கிட்டயே போய் ஒரு வார்த்தை கேக்கணும். கேக்கத் தைரியம் இல்லைன்னா வாயை மூடிக்கணும். இது தெரியாம ரெண்டு குடும்பத்துல ஓட்டை போட்டுட்டாரு. ஜெபம்னு பேரு வெச்சுட்டா புறணி புனிதமாயிடாது. அதுக்காகக் குறிப்பா ஜெபிங்க. நானும் சேர்ந்து ஜெபிக்கிறேன்.”

எதிர்ச் சுவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும் கேள்வி எதுவும் கேட்காமல் கண்ணை மூடினார்கள். அந்தக் குழு உண்மையாகவே ஜெபித்தது அன்றுதான்.